பனிச்சறுக்கில் பின்தொடர்ந்து எடுக்கும் ஷாட்: உங்களுக்கு எந்த லென்ஸ் கை கொடுத்தது?

குளிர்காலத்தில் காஷ்மீரில், குல்மார்கில் வீடியோ எடுக்கும் வேலை பார்க்கிறேன். பனிச்சறுக்கு பழக வருகிறவர்கள், உள்ளூர் கைடுகள், அப்புறம் அவ்வப்போது விளம்பர வேலைகள். எல்லோரும் கேட்பது ஒரே ஷாட்தான்: கேமராவை ஆடாமல் வைக்கிற மோட்டார் பிடியான கிம்பலைக் கையில் பிடித்துக்கொண்டு சறுக்குபவருக்குப் பின்னாலேயே நாமும் சறுக்கிக்கொண்டு போய் எடுப்பது. இதற்கு லென்ஸ் வாங்கப்போகிறவர்கள் கூர்மை எப்படி, அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப் 1.4 வேண்டுமா 2.8 போதுமா என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். திரையைப் பார்க்காமலே ஆளை ஃப்ரேமுக்குள் வைத்திருக்க எந்த லென்ஸில் முடிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சறுக்கும்போது கண் பாதையில் இருக்க வேண்டும். மேடு பள்ளம் வரும், யாராவது குறுக்கே வருவார்கள், முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறோம், அந்த ஒரு நொடி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான் கிடைக்கும்.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில், 3 மீட்டர் தூரத்தில் 16 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட ஆறே முக்கால் மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. 24 மி.மீ. நாலரை மீட்டர். 35 மி.மீ. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 50 மி.மீ. என்றால் இரண்டு மீட்டர் சொச்சம்தான், இரண்டு கையையும் விரித்துத் திரும்புகிற ஆளுக்கு அது போதாது, குச்சி வெட்டுப்படும், அடுத்த திருப்பத்தில் ஆளே காணாமல் போவார். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. கிம்பல் எவ்வளவு நல்லதானாலும் ஒரு டிகிரி அளவுக்குப் பிசகு வரத்தான் செய்யும். 16-ல் அந்த ஒரு டிகிரி, படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. 50-ல் அதே பிசகு இரண்டரை சதவீதம், 85-ல் 4 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் மேலும் கீழும் குதிக்கிற ஆட்டத்தைக் கிம்பல் தாங்காது, அதை முழங்கால்தான் தாங்க வேண்டும், எந்த லென்ஸ் போட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

நான் அதிகம் போடுவது சோனி 20 மி.மீ. எஃப் 1.8. 373 கிராம்தான் எடை. சோனி எஃப்எக்ஸ்3 கேமரா பாடியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிம்பல் 1.3 கிலோ, ஆக மொத்தம் இரண்டரை கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. கையைத் தாழ்த்தி, பனியிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பிடித்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். தாழ்த்திப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. அகலமான லென்ஸில் வேகத்தைக் காட்டுவது அடியில் ஓடுகிற பனிதான். நெஞ்சு உயரத்தில் பிடித்தால் ஆள் மிதக்கிற மாதிரி இருக்கும், சரிவும் சப்பையாகத் தெரியும். குல்மார்குக்கு மேலே இருக்கிற அஃபர்வட் உச்சியிலிருந்து இறங்குகிற சரிவைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும், அதையே நின்ற உயரத்தில் 16-ல் எடுத்தால் பார்க் மாதிரி வருகிறது.

அதற்காக 16 வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் போய்க்கொண்டே கேமராவைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்து எடுக்கிற ஷாட்டுக்கு அதுதான். அங்கே ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்க்கவே முடியாது, கை சொல்வதை நம்பித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஆளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், ஓரத்துக்குப் போனால் தலையும் ஸ்கீ நுனியும் இழுபட்டு நீளமாகிவிடும்.

ஜூம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜூம் செய்யும்போது நீளுகிற லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் எடையின் மையம் நகரும், கிம்பலை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். கையுறையோடு, மைனஸ் பத்தில், பனியில் மண்டியிட்டு அந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனசு வராது. சோனி 16-35 எஃப் 4 பவர் ஜூம் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், நீளம் மாறாது, 353 கிராம்தான். ஒரே லென்ஸோடு போவதென்றால் நான் எடுத்துப் போவது அதைத்தான். 2.8 இல்லையே என்ற கவலை பனியில் தேவையில்லை, வெளிச்சம் அங்கே கொட்டிக் கிடக்கிறது.

கொட்டிக் கிடக்கிற அந்த வெளிச்சம்தான் தலைவலியும். எஸ்-லாக் 3 (பின்னால் நிறம் சரிசெய்ய வசதியான சோனியின் பதிவு முறை), ஐஎஸ்ஓ 800, நொடிக்கு 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100, எஃப் 5.6 என்று வைத்தால் வெயில் அடிக்கிற பனியில் 7 ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அதாவது என்டி 128, வெளிச்சத்தை 128-ல் ஒரு பங்காக்கும் கறுப்பு ஃபில்டர். 25 ஃப்ரேம், 1/50 என்றால் 8 ஸ்டாப். திருகி அடர்த்தியை மாற்றுகிற வேரியபிள் என்டியை அவ்வளவு தூரம் திருகினால் அகலமான லென்ஸில் படத்தின் குறுக்கே கறுப்பாகப் பெருக்கல் குறி விழும். அது விழாவிட்டாலும் நீலவானம் ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் நிற்கும், ஆளோடு சேர்ந்து நாம் திரும்பும்போது அந்தக் கருமையும் வானத்தில் நகர்ந்துகொண்டே வரும். பின்னால் கலர் கிரேடிங்கில் இதை எடுக்க முடியாது. அதனால் நான் ஃபிக்ஸட் என்டிதான் போடுகிறேன், அதுவும் ஒன்றே ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் 16-ல் மூலை கறுக்கும். லென்ஸ் வாங்கும்போதே முன்பக்கம் ஃபில்டர் மாட்ட முடியுமா என்று பாருங்கள். 14 மி.மீ. எஃப் 1.8 அருமையான லென்ஸ், ஆனால் கண்ணாடி முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும், பின்பக்கம் ஷீட்டாகத்தான் ஃபில்டர் வைக்க வேண்டும். காற்று அடிக்கிற மலையில் லென்ஸைக் கழற்றி அதைச் செய்வது எனக்குச் சரிப்படாது.

ஃபோகஸை நான் ஆட்டோவில் விடுவதில்லை. 20 மி.மீ., எஃப் 5.6, 2.4 மீட்டரில் பூட்டிவிட்டால் 1.2 மீட்டரிலிருந்து மலை உச்சிவரை எல்லாம் தெளிவு. எஃப் 11, 16 என்று இன்னும் மூடாதீர்கள். ஒரு தடவை, குல்மார்க் கேபிள் காரின் (கொண்டோலா) நடு நிலையமான கோங்தூரிக்குக் கீழே ஒரு கைடோடு இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல ஆழமான புதுப்பனி. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கியடிக்கிற தூள் நேரே லென்ஸில்தான் வந்து விழும். ஃபில்டரில் ஒரு பருக்கை ஒட்டி, உருகி, மிளகு அளவு துளியாக நின்றது. எஃப் 5.6-ல் அது லேசான மங்கலாகக் கரைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த இறக்கத்தில் வேண்டுமென்றே எஃப் 16 வைத்து எடுத்தேன், அதே அளவு துளிக்கு விளிம்பும் நிழலும் தெரிந்தது. லென்ஸ் எவ்வளவு அகலமோ, அபர்ச்சர் எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்குக் கண்ணாடியில் ஒட்டியது காட்டிக்கொடுக்கும். இன்னொரு யோசனை, தூள்பனியில் நேர் பின்னால் போகாமல் ஒரு தோள் அளவு விலகிப் போங்கள், தூளும் வராது, ஆளின் முகமும் பாதி கிடைக்கும்.

உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக நெருங்கிப் போக முடியாத இடங்களில் என்ன செய்கிறீர்கள் என்று.

*

அண்ணா, நான் சுவிஸில் இருக்கிறேன், பேர்ண் பக்கம். மகள் ஜயண்ட் ஸ்லாலம் (நட்ட கம்பங்களுக்கிடையில் வளைந்து சறுக்குகிற போட்டி) பயிற்சிக்குப் போகிறாள், அவளையும் அவளோடு பழகிற பிள்ளைகளையும் நான்தான் படம் பிடிக்கிறனான். நீங்கள் சொன்ன 3 மீற்றர் எங்களுக்குச் சரிவராது. இங்கே சமப்படுத்தின பாதை, கட்டிப்பனி, பிள்ளைகள் கடுகதியில் போவார்கள். சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் நடத்தை விதிகளில் மூன்றாவது, பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத மாதிரித் தன் பாதையைத் தெரிவு செய்யவேண்டும் என்கிறது. கமரா வைத்திருக்கிறேன் என்று சொல்லி அதிலிருந்து தப்பமுடியாது. பிள்ளை விழுந்தால் நிற்பதற்கு எனக்கு இடம் வேண்டும். அதனால் 7 மீற்றருக்குக் குறைய நான் கிட்டப் போவதே இல்லை.

அந்தத் தூரத்தில் 20 மி.மீ. போட்டால் பிள்ளை எறும்பு மாதிரித் தெரிகிறாள். 35 மி.மீ. போட்டால் 7 மீற்றரில் 7 மீற்றர் சொச்சம் அகலம் கிடைக்கிறது, கம்பத்திலிருந்து கம்பத்துக்கு அவள் போகிற கோடு முழுக்க உள்ளே நிற்கிறது. பயிற்றுநருக்கும் அதுதான் வேணும், எந்த இடத்தில் ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடிக்கிறது, இடுப்பு எங்கே போகிறது என்று. என்னுடையது 35 எஃப் 1.8, 280 கிராம்தான். எஃப் 5.6-இல் 7 மீற்றரில் ஃபோகஸ் பூட்டினால் மூன்றரை மீற்றருக்கு அப்பால் எல்லாம் வடிவாக வரும். திரையைப் பாராமல் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள்தானே, கம்பம் நட்ட பாதையில் அவள் எங்கே திரும்புவாள் என்று முன்னமே தெரியும், அதனால் ஏலும். காட்டுப் பக்கம் சும்மா சறுக்கும்போது 35 எனக்கும் ஏலாது, அப்போது 24.

35-இல் இன்னொரு நன்மை, பின்னால் மலை மலையாகத் தெரியும். 16-இல் ஐகர் மலையே ஒரு மேடு மாதிரி ஆகிவிடுகிறது, இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

வெங்கனில் நடக்கிற லாபர்ஹோர்ன் போட்டியைத் தொலைக்காட்சியில் பாருங்கள், ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர், உலகக் கோப்பையில் மிக நீளமான டவுன்ஹில், அதாவது வேகமாகக் கீழே இறங்குகிற போட்டி. 2013-இல் பிரான்ஸ் வீரர் ஜொஹான் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீற்றர் தொட்டார். போட்டியைக் கரையில் நிலையாக வைத்த நீட்டு லென்ஸ்களால்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். பாதையை மக்களுக்கு விளங்கப்படுத்த வேறாக ஒரு கமரா ஓட்டம் இருக்கும், 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்ற பேர்ன்ஹார்ட் ருசி வருசக்கணக்காக அதைச் செய்தவர். சரிவு எவ்வளவு செங்குத்து என்று அவர் ஓட்டத்தில்தான் எனக்கு விளங்கினது.

சில பேர் ட்ரோன் போதுமே என்கிறார்கள். பிள்ளைகளுக்கு மேலே ட்ரோன் விட நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். 2015 டிசம்பரில் இத்தாலியின் மடோனா டி கம்பிலியோவில் ஒஸ்திரிய வீரர் மார்சல் ஹிர்ஷர் ஸ்லாலம் இறங்கிக்கொண்டிருந்தபோது ட்ரோன் ஒன்று அவருக்குப் பின்னால் வந்து விழுந்ததை நேரலையில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

*

அக்கா சொன்ன தூரக் கணக்கு பயனுள்ளது, நன்றி. நான் எடுத்தது உத்தராகண்டில், அவ்லியில். என்னிடம் இருப்பது சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி கேமரா, சோனி இஸட்வி-இ10, அதனால் மேலே இருக்கிற லென்ஸ் மி.மீ. எண்களை எல்லாம் ஒன்றரையால் வகுத்துப் படிக்க வேண்டும். சோனி 11 மி.மீ. எஃப் 1.8 எனக்கு 16-17 மாதிரி, 15 மி.மீ. எஃப் 1.4 எனக்கு 22-23 மாதிரி. இரண்டும் 220 கிராமைத் தாண்டாது. 800 கிராம் கிம்பலிலேயே எல்லாம் நின்றுவிடுகிறது, ஒன்றரைக் கிலோகூட வரவில்லை. என்னை மாதிரி இப்போதுதான் நன்றாகத் திரும்பக் கற்றுக்கொண்டவர்களுக்கு எடை குறைவுதான் முதல் வசதி என்பேன், விழும்போது கை கீழே ஊன்றத் தயாராக இருக்கிறது.

இந்த பாடியில் நடுக்கத்தைச் சமன் செய்கிற சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அதைக் குறை என்பார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. கேமரா எப்படி அசைந்தது என்கிற கைரோ தகவல் கோப்பிலேயே பதிவாகிறது, வீட்டுக்கு வந்து கைரோஃப்ளோ மென்பொருளில் போட்டால் மிச்சமிருக்கிற நடுக்கமும் போய்விடுகிறது. ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் 15-க்குப் பதில் 11 போட்டு எடுப்பேன். ஷட்டரை மட்டும் 1/200-க்குக் கீழே விடக் கூடாது, மெதுவான ஷட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதிந்த கலங்கல் அப்படியே நிற்கும், படம் ஆடாமல் இருக்கும்போதே துடிக்கிற மாதிரி தெரியும். ஷட்டர் வேகமானதால் என்டியும் அவ்வளவு அடர்த்தி வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம் அண்ணா. கிம்பலில் வைக்கும்போது லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்வதா, ஆஃப் செய்வதா? அப்புறம் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டுகிற வெயில் மறைப்பு)?

*

அகலமான லென்ஸ் என்றால் ஆஃப் தம்பி. லென்ஸில் இருப்பதும் சரி, பாடியில் இருப்பதும் சரி. 16-ல் பாடி ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்துவிட்டுக் குதித்தால் மூலைகள் மட்டும் தனியாக நெளியும், சில கேமராக்களில் அது பார்க்கவே முடியாத அளவுக்கு இருக்கிறது. 35-க்கு மேல் போனால் ஆன் செய்து பாருங்கள், சிலதில் உதவுகிறது. ஹுட்டைக் கழற்றிவிடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நாலு மடங்காகும், இதழ் மாதிரி இருக்கிற ஹுட் அந்தக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் அதை எதிர்த்துத் தள்ளுகிற நடுக்கம் படத்தில் மெல்லிய அதிர்வாக வரும்.

அக்கா சொன்ன விதி இங்கேயும் பொருந்தும், யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நான் 3 மீட்டருக்குப் போவது நன்றாகத் தெரிந்த கைடுகளோடு மட்டும்தான், அதுவும் எங்கே திரும்புவோம், எங்கே நிற்போம் என்று மேலேயே பேசிவிட்டு. பழக வந்தவர்களின் பின்னால் 24-ஐப் போட்டு இரண்டு மடங்கு தள்ளியே போகிறேன்.

பேட்டரி பற்றி ஒன்று. சில்லாய் கலான் குளிரில், டிசம்பர் 21-லிருந்து அந்த நாற்பது நாளில், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், பையில் வைத்தால் மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி போயிருக்கும். லென்ஸுக்கு நேர் எதிர், குளிர்ந்த லென்ஸை உடம்புச் சூட்டில் வைக்கவே கூடாது, ஈரம் படிந்து மங்கிவிடும். கொண்டோலாவை விட்டு இறங்கி டீக்கடைக்குள் போவதற்கு முன்னால் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், உள்ளே போய் அரைமணி நேரம் திறக்காதீர்கள்.