அனுபவப் பகிர்வு: கும்பிடாத வீட்டுக்கு நல்ல நாள் எப்படி வருகிறது?

கோண்டாவில் கூரைக்காரன்:

எங்கள் வீட்டில் சாமி அறை இருக்கிறது, கும்பிடுகிற ஆள் இல்லை. அம்மா இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு முற்றம் மெழுகுவது, வருசப்பிறப்புக்குக் கோயிலில் மருத்துநீர் வாங்கி வருவது, கார்த்திகை விளக்கீட்டுக்குப் பந்தம் சுற்றுவது எல்லாம் அவர்தான். நான் சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக வந்துவிடுவேன். அம்மா காலமான வருசம், ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் இல்லை என்று சொல்லித் தப்பினேன். அடுத்த தைப்பொங்கலுக்குச் சொல்லக் காரணம் இல்லை. பக்கத்து வளவில் வெடி கேட்டுத்தான் இன்றைக்குப் பொங்கல் என்றே எனக்கு உறைத்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. "எங்கட வீட்டுக்கு மட்டும் ஏனப்பா ஒண்டும் வரேல்லை?" என்றாள்.

நம்பாமல் கும்பிட எனக்கு வராது. அப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குக் கை கூப்பினால் நாடகத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரம்தான் ஐரோப்பாவில் பேகன் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பற்றி வாசித்தேன். கிறிஸ்தவம் வருவதற்கு முந்திய பண்டிகைகளைத் திரும்ப எடுத்துக் கொண்டாடுகிறார்கள். வருசத்துக்கு எட்டு. சூரியன் திரும்பும் இரண்டு நாள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள், இவற்றின் நடு நடுவே நாலு. அவர்களிலேயே ஒரு பகுதியினர் தெய்வம் ஒன்றும் இல்லாமல், பருவம் மாறுவதை மட்டும் வைத்து இதைச் செய்கிறார்கள். எனக்குத் துணிவு தந்தது வேறொரு விசயம். இந்த எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களில், பிரித்தானியாவில். ஜெரால்ட் கார்ட்னர், றொஸ் நிக்கல்ஸ் என்ற இருவரும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களும் செய்த வேலை அது. லித்தா, மேபன் போன்ற பண்டிகைப் பெயர்களை 1974இல் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தார். ஆக, ஆதிகாலத்தில் இருந்து இறங்கி வந்தது மாதிரித் தெரிகிற சக்கரம் என் அப்பாவை விட வயது குறைந்தது. அவர்கள் இருந்து யோசித்துச் செய்யலாம் என்றால் நாங்களும் செய்யலாம்தானே?

சரி என்று டிசம்பர் 21ஆம் திகதி, அந்த எட்டில் ஒன்றான யூல் கொண்டாடினோம். வருசத்திலேயே நீண்ட இரவு, விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுதிரி மட்டும் கொளுத்தவேண்டும் என்று மகளுக்கு விளக்கினேன். வெளியே அடை மழை. நாங்கள் அணைப்பதற்கு முன் கரண்டே போய்விட்டது. ஒழுங்கை முழுக்க மெழுகுதிரி. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து, எங்களிடம் இருந்த பெட்டியில் இரண்டு திரி கடன் வாங்கிக்கொண்டு போனான். மகள் பள்ளிக்கூடப் புத்தகத்தை விரித்துவைத்துக் கேட்டாள்: "நீண்ட இரவு எண்டால் எவ்வளவு நீளம்?" யாழ்ப்பாணத்தில் ஆனியில் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம் 40 நிமிடம், மார்கழியில் 11 மணித்தியாலம் 33 நிமிடம். வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இதற்காக ஒருவரும் இங்கே சூரியனைத் தேடி அழமாட்டார்கள். லண்டனில் அன்றைக்குப் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை, அங்கே அழலாம்.

அந்த எட்டையும் அப்படியே கைவிட்டுவிட்டேன்.

கூரையில் சோலார் பூட்டுவதுதான் என் தொழில். எந்த மாதம் எந்தச் சுவரின் நிழல் எங்கே விழும் என்று பார்த்துத்தான் சோறு தின்கிறேன். ஆனாலும் எங்கள் ஊருக்குப் பொருந்தும் நாள் சூரியன் உச்சிக்கு வரும் நாள்தான் என்பது மண்டையில் ஏற எனக்கு ஒரு றேடியோ வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதம் செய்தி முடிவில் சொல்வார்களே, "சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது" என்று? 5ஆம் திகதியளவில் தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கி, ஒரு பத்து நாளில் நாட்டைக் கடந்து, 14, 15இல் எங்கள் தலைக்கு மேல் வரும். 14 என்றால் வருசப்பிறப்பு! இது தற்செயல்தான். வருசப்பிறப்பு இராசிக் கணக்கு, உச்சம் அகலக்கோட்டுக் கணக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இருந்தாலும் தற்செயலாகக் கிடைத்ததை ஏன் விடவேண்டும்?

அம்மாவின் உலக்கையைக் கழுவி எடுத்தோம். முற்றத்தில் சீமெந்து போட்ட இடத்தில் நிமிர்த்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து நிறுத்தினேன். 12 மணிக்குப் பூணுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவு நிழல் இருந்தது. மகள் சோக்கால் கீறிக்கொண்டே இருந்தாள். 12.10க்குக் கீறுவதற்கு ஒன்றும் இல்லை. உலக்கை தன் நிழலின்மேலேயே நின்றது. கொடிக்கம்பத்துக்கும் நிழல் இல்லை. கிணத்தடிக்கு ஓடினோம். வெயில் நேராக இறங்கித் தண்ணீரையும் தாண்டி அடியில் நின்றது. சுற்றுச் சுவரில் ஒரு பக்கத்திலும் இருட்டு இல்லை. எப்போதோ கயிறு அறுந்து விழுந்த வாளி ஒன்று, காது கழன்று, சுண்ணாம்புக் கல்லில் சரிந்து கிடந்தது. அம்மா அதற்காக என்னை ஏசியது ஞாபகம் வந்தது. இருபது வருசம் இருக்கும்.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு செம்பு தண்ணீர் அள்ளி வேம்புக்கு ஊற்றினோம். அம்மா மாதிரியே கைவிசேடம் கொடுத்தேன். மோர் குடித்தோம்.

மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "உதென்ன புதுப் பேய்ச் சடங்கு?" என்று கேட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்றும் கேட்டார். இரண்டு பஞ்சாங்கமும் வருசம் பிறக்கிற நேரத்தை வேறு வேறாகச் சொல்லும், வருசாவருசம் எங்கள் ஒழுங்கையில் அதற்கு ஒரு வாக்குவாதம் நடக்கும். உலக்கைக்கு ஒரு நேரம்தான் மாமி என்றேன். அந்தப் பதில் எனக்கே நன்றாகப் பிடித்திருந்தது. அடுத்த வருசம் சரியாக 12.05க்கு முகில் மூடியது. மாமி படலையில் நின்று, "சாமி எண்டால் முகில் மறைச்சாலும் பூசை நடக்கும் தம்பி" என்றார். இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

உச்சம் திரும்ப ஓகஸ்ட் 28இல் வருகிறது. இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியான நிழல் எங்களுக்குத் தெற்கே விழும், அதற்குப் பிறகு வடக்கே. அன்றைக்குப் பனம்பழம் சுட்டு, பிசைந்து, பனங்காய்ப் பணியாரம். ஆக எங்களிடம் இரண்டு நாள் இருக்கிறது, எட்டு இல்லை. உங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? சொல்லுங்கள்.

ஒஸ்லோ மச்சாள்:

அண்ணா, யூலை எங்களிடம் விட்டுவிடுங்கள், எங்களுக்கு அது வேணும். டிசம்பர் 21இல் இங்கே சூரியன் 9.18க்கு எழும்பி 3.12க்குப் படுத்துவிடும். நத்தாருக்கு இந்த நாட்டில் பெயரே இன்றைக்கும் யூல்தான், ஆனபடியால் நான் ஒன்றும் புதிதாகச் செய்கிறேன் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு வேலைக்கு லீவு போடுவேன். மத்தியானம் மகன் ஒரு மீட்டர் தடியைப் பனியில் குத்தி நிழலை அளப்பான். போன முறை எட்டரை மீட்டர், பக்கத்து வீட்டுக்காரரின் கார்மேல் போய் விழுந்தது. அவரும் இறங்கி வந்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்றேகாலுக்குப் பிறகு வீட்டில் லைட் போடாமல் இருந்து, ஊரிலிருந்து வந்த புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு மெல்லுவோம். இருட்டில் அந்தச் சத்தம்தான் எங்கள் மந்திரம்.

ஒன்று கேட்கவேணும். பொங்கல்தான் சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று அப்பா சொல்லித்தந்தார். இங்கே பார்த்தால் அது டிசம்பரிலேயே திரும்பிவிடுகிறதே?

கோண்டாவில் கூரைக்காரன்:

தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதும் ஒரு காலத்தில் சரி. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகத் தள்ளாடுகிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 வருசம். எங்கள் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பருவம் ஏறத்தாழ 71 வருசத்துக்கு ஒரு நாள் கணக்கில் நழுவிக்கொண்டு போகிறது. இப்போது இடைவெளி 24 நாள் அளவில். ஆடிப்பிறப்புக்கும் இதே கதைதான், உண்மையில் சூரியன் தெற்கே திரும்புவது ஜூன் 21இல். ஆனால் கூழை ஜூனுக்கு மாற்றச் சொன்னால் மாமி என்னை மாற்றிவிடுவார்.

பருத்தித்துறை அக்கா:

கூழ் என்றதால் எழுதுகிறேன். இவர் போன பிறகு நல்ல காரியங்களில் நான் பின்னுக்கு நிற்கிற ஆள். முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லமாட்டினம். நான் ஆரத்தித் தட்டைத் தொட முன்னம் வேறொரு கை அதை எடுத்துவிடும். கடவுளில் எனக்குக் கோபமா, ஆக்களில் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருசத்துக்கு முதல் ஆடிப்பிறப்புக்கு நானே பெரிய சருவத்தில் கூழ் வைத்தேன். பயறு வறுத்து, அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, பனங்கட்டி போட்டு, சொட்டு நறுக்கி. படைக்கவில்லை. பிலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கோலி செய்து, ஒழுங்கையில் என்னைப் போல இருக்கிற நாலு பேரைக் கூப்பிட்டேன். வந்தவர்களில் ஒருவர் என்னை விட இருபது வயது மூத்தவ. முதல் கோலியை ஆர் எடுப்பது என்று ஐந்து பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். பழக்கம் போகாதே! கடைசியில் அந்த மூத்தவ, "கூழ் ஆறப்போகுது பிள்ளையள்" என்று எடுத்தா.

போன வருசம் பதினொரு பேர். சருவம் காணாமல் ஒன்றை இரவல் வாங்கினேன்.

சும்மா வந்தவன்:

இவ்வளவு மினக்கெடுவதற்குக் கோயிலுக்கே போகலாமே? அங்கே சோறாவது போடுவார்கள்.

பாசையூர் கரையான்:

நான் அந்தோனியார் கோவில் பக்கம், திருநாளுக்குப் போகிற ஆள்தான். ஆனால் எங்கள் வீட்டில் திகதி இல்லாத ஒரு நாளும் இருக்கிறது. சோளகம் என்ற தென்மேல் காற்று ஓய்ந்து முதல் வாடைக் காற்று விழுகிற நாள். ஐப்பசியில் ஒருமுறை வந்தது, ஒருமுறை கார்த்திகை பிறந்தும் வரவில்லை. ஐயா விடியற்காலை முற்றத்தில் நின்று வலது காதைத் திருப்பிப் பார்ப்பார், காற்று எந்தக் காதில் படுகிறது என்று. பட்டால் தம்பிமாருக்கு ஆள் அனுப்புவார். பின்னேரம் ஒடியல்கூழ், நண்டு, இறால், கையில் அகப்பட்ட மீன் எல்லாம் போட்டு. ஐயா இப்போது இல்லை. நான் காதைத் திருப்பினால் மனுசி சிரிக்கிறாள். போனில் காற்றுத் திசை காட்டுகிற அப் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் காதைத் திருப்புகிறேன், ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

கோண்டாவில் கூரைக்காரன்:

சும்மா வந்தவரே, அன்னதானத்துக்குப் போகிறேன், மறுக்கவில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு திரிகிற ஆள்தான் நான்.

கார்த்திகைக்கு என்ன செய்கிறேன் என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். ஒன்றும் புதிதாகச் செய்வதில்லை. அந்த மாதத்து விளக்குக்கு எங்கள் பக்கத்தில் வேறு பொருளும் இருக்கிறது, அதில் என் கண்டுபிடிப்பை நுழைக்க மனம் வரவில்லை. விளக்கீட்டன்று அம்மா சுற்றின மாதிரியே பழைய சாரத் துணியைத் தடியில் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, படலையில் ஒன்று, கிணத்தடியில் ஒன்று குத்துவேன். ஏன் கிணத்தடியில் என்று அம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அக்கா, இந்த ஆடிப்பிறப்புக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு பருத்தித்துறைக்கு வரலாமோ? மாமா போய் ஆறு வருசம். உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். சருவம் தன்னிடம் ஒன்று இருக்கிறதாம், ஆனால் பயறு கருகாமல் வறுத்தீர்களா என்று கேட்கச் சொன்னார்.