மோலாக் பால் வீட்டிலிருந்து வெளியே வர வழி உண்டா?

நண்பர்களே, ஸ்கைரிம் வீடியோ கேமில் மாட்டிக்கொண்டேன். மார்கார்த் நகரில், தீயசக்திகளை வேட்டையாடும் டைரானஸ் கூப்பிட்டாரே என்று அந்தப் பாழடைந்த வீட்டுக்குள் கூடவே போனேன். நாற்காலியும் தட்டும் தானாகப் பறக்கின்றன. கதவு திறக்கவில்லை. அவரைக் கொல்லச் சொல்லி ஒரு குரல் அதட்டுகிறது. இப்போது அவரே பயத்தில் என் மேல் பாய்கிறார்.

குரல் மோலாக் பாலுடையது. லாமே என்ற பெண்ணைச் சீரழித்து முதல் ரத்தக்காட்டேரி ஆக்கிய தெய்வம். டான்கார்ட் என்ற கூடுதல் பகுதியில் செரானா என்ற ரத்தக்காட்டேரிப் பெண் அவனிடம் பட்டதைக் கேட்டதிலிருந்து அவனுக்காக ஒரு துரும்பையும் கிள்ளிப்போடக் கூடாது என்றிருந்தேன்.

டைரானஸைக் கொல்லாமல் வெளியேற முடியுமா? சாந்தப்படுத்தும் மந்திரம் பலிக்குமா? முன்பு சேமித்து வைத்த பழைய சேவுக்குத் திரும்பினால் இரண்டு மணி நேர ஆட்டம் போய்விடும். சரி, அதுதான் வழியென்றால் போகட்டும். கடைசியில் அவன் பரிசாகத் தரும் தண்டாயுதம் எனக்கு வேண்டவே வேண்டாம். ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.