வேஃபேரர் படகில் பெரும்பாயைச் சுருக்கினால் அடிப்பகுதி பைபோல் உப்புகிறது

கரைக்காற்று:
வணக்கம். ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள பழைய வேஃபேரர் வகைப் பாய்மரப் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். பெரும்பாயில் ஒரு ரீஃப் வரிசை (பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக் கட்ட உதவும் துளைகளின் வரிசை) இருந்தும், பூமில் (பாயின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் கிடைக்கட்டையில்) அதற்கான கயிறோ கப்பியோ இல்லாததால் நானே இரண்டையும் பொருத்தினேன். காற்றின் வேகம் 15 நாட் அளவை (மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ.) தாண்டிய ஒரு நாளில் பாயைச் சுருக்கியபோது அடிப்பகுதி உப்பிக்கொண்டது. போதாக்குறைக்கு நடுத்துளை ஒன்றின் அருகே துணியும் கிழிந்துவிட்டது. பிழை எங்கே?

கப்பிக்காரன்:
கப்பி இருக்கும் இடத்தை நீங்கள் எழுதவில்லை. என் ஐயம் அதன்மீதுதான். ரீஃப் வரிசையின் பின்முனை வளையத்துக்கு நேர் கீழேயோ முன்னாலோ அது இருந்தால், கயிறு பாயைக் கீழே இழுக்குமே தவிரப் பின்னோக்கி இழுக்காது. காற்றில்லாத நாளில், கரையிலேயே பாயைச் சுருக்கிய உயரத்தில் ஏற்றி, பின்முனையைக் கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, வளையத்துக்கு நேர் கீழே பூமில் பென்சிலால் கோடு போடுங்கள். அதிலிருந்து நான்கு விரற்கடை பின்னால் கப்பி அமையட்டும். கயிற்றின் ஒரு முனையைப் பூமைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை வளையத்தின் வழியே ஏற்றி இறக்கி, கப்பியில் கோத்து, பாய்மரத்தருகே உள்ள கிளீட்டுக்கு (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிடிப்புக்கு) கொண்டுவாருங்கள். 6 மி.மீ. கயிறு போதும்.

அலைவாய்:
துணி கிழிந்த காரணம் வேறு. நடுத்துளைகளில் கட்டும் நாடாக்கள் தொங்கும் துணியைச் சுருட்டி வைக்க மட்டுமே; சுமையை முன்முனையும் பின்முனையுமே தாங்க வேண்டும். ஷீட்டை (பாயின் கோணத்தை மாற்றும் கயிற்றை) தளர்த்தி, ஹாலியார்டை (பாயை மேலே ஏற்றும் கயிற்றை) இறக்கி, முன்முனையைக் கொக்கியில் மாட்டி, ஹாலியார்டை மறுபடி இறுக்கிய பிறகே பின்முனைக் கயிற்றை இழுங்கள். நாடாக்களைக் கடைசியில், தளர்வாகக் கட்டுங்கள். பாயை விரிக்கும்போது முதலில் அவிழ வேண்டியவையும் அவையே.

நெடுங்கரை:
ஒரே கயிற்றால் இரு முனைகளையும் இழுக்கும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எழுந்து நிற்காமலே வேலை முடியும் என்றாலும் உராய்வு மிகுதி என்பதால் நான் அதைக் கைவிட்டேன். இவ்வகைப் படகிலேயே ஃபிராங்க் டை என்ற படகோட்டி 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை சென்றார் என்பதால், படகு சிறியது என்று தயங்க வேண்டாம்.

கரைக்காற்று:
அளந்து பார்த்தேன். கப்பி வளையத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிறது. நாடாக்களையும் நான்தான் முதலிலேயே இறுகக் கட்டியிருந்தேன். மரப் பூம் என்பதால், பழைய திருகுத் துளைகளை அடைத்துவிட்டுக் கப்பியை இந்த வாரமே இடம் மாற்றுகிறேன்.