புதுப்பிப்பு: கல்வாழைப் படுகையும் கெண்டைக் குஞ்சுகளும்

சமையலறைக் கழிவுநீரைக் கல்வாழையும் சம்புக் கோரையும் நட்ட ஜல்லிப் படுகை வழியாக மீன் தொட்டிக்கு விடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, விட்டுப் பார்த்தேன். நாற்றம் போனது, தண்ணீரும் தெளிந்தது. ஆனால் விடியற்காலையில் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குற்றவாளி கழிவுநீர் இல்லை; நான் ஆசைப்பட்டுத் தூவிய அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணி! தொட்டி முழுக்க மூடிவிட்டதால் காற்றும் வெளிச்சமும் உள்ளே இறங்கவில்லை. பாதியை வாரிக் கோழிகளுக்குப் போட்டேன், அவற்றுக்குக் கொண்டாட்டம். குஞ்சுகளும் தேறிவிட்டன.

அப்புறம், படுகைச் செடிகள் கழிவுநீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸை இழுக்கும்; ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துவிடும். அதனால் படுகைக்கு முன்னால், கசடும் பிசுக்கும் தங்கிவிட ஒரு வண்டல் தொட்டி வைத்துவிடுங்கள். முற்றிய தண்டுகளை வெட்டி அகற்றுங்கள். அழுகினால் இழுத்த சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்பும்.