வாஷிங்டன் கடற்படைத் தளத்தின் ஊதியப் பட்டியல்களில் அடிமைத் தொழிலாளர்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி:
1799இல் நிறுவப்பட்ட வாஷிங்டன் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் அடிமைகளும் வேலை செய்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆனால் நான் பார்த்துவரும் 1820களின் வருகைப் பதிவுகளிலும் ஊதியப் பட்டியல்களிலும் பெயர், தொழில், வேலை நாட்கள், கூலி, கையொப்பம் ஆகியவை மட்டுமே உள்ளன. அடிமை என்ற குறிப்பே இல்லை. அடிமைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற 1817ஆம் ஆண்டின் தடையுத்தரவுக்குப் பிறகு அவர்கள் உண்மையிலேயே வெளியேற்றப்பட்டார்களா, அல்லது ஏடுகளில் மட்டும் மறைக்கப்பட்டார்களா?

மறுமொழி 1:
ஏடுகளில்தான் மறைக்கப்பட்டார்கள். முதலில் கையொப்பப் பகுதியைப் பாருங்கள். அடிமையின் கூலி அவருடைய உடைமையாளருக்கே சென்றதால், பெயர் ஒருவருடையதாகவும் அதற்கு நேரே பணம் பெற்றுக்கொண்ட கையொப்பம் வேறொருவருடையதாகவும் இருக்கும். ஒரே கை மூன்று நான்கு பெயர்களுக்கு எதிரே கையெழுத்திட்டிருந்தால் அங்கேயே நின்று ஆராய வேண்டும். வாரிசுகளும் முகவர்களும்கூடப் பிறருக்காகப் பணம் பெற்றிருக்கலாம் என்பதால், இது ஐயத்துக்கு இடம் தரும் தடயமே தவிர முடிந்த சான்று அல்ல.

அடுத்து, பணியிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்ட கப்பல்களைப் பராமரித்த பிரிவின் பட்டியலைப் பாருங்கள். அடிமைகள் பலர் அதில் சாதாரண மாலுமிகள் என்று எழுதப்பட்டிருக்கிறார்கள். மைக்கேல் ஷைனர் அவர்களுள் ஒருவர். தளத்தின் எழுத்தரான தாமஸ் ஹோவர்ட் 1828இல் அவரை விலைக்கு வாங்கினார். தளத்தின் கணக்கேடுகளைப் பராமரித்த அலுவலரே அடிமை உடைமையாளராகவும் இருந்தபோது, அந்த ஏடு தானாக உண்மையைச் சொல்லும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்? ஷைனர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அதை அருகில் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பட்டியல்களைப் படிக்காதீர்கள்.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியதோடு கடிதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1817 மார்ச்சில் கடற்படை ஆணையர் வாரியம் அனுப்பிய சுற்றறிக்கை, அடிமைகளையும் கறுப்பினத்தவரையும் அசாதாரணச் சூழ்நிலைகளில் தவிர வேலைக்கு வைக்கக்கூடாது என்றும், அப்போதும் வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றும் கூறியது. இதனால் விலக்குக் கேட்ட தளபதிகள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பட்டியல் சொல்லாததைப் பல இடங்களில் இந்தக் கடிதங்கள் சொல்லிவிடுகின்றன. வர்ஜீனியாவின் காஸ்போர்ட் தளத்தில் 1827 முதல் கற்களால் உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) கட்டியபோது அடிமைகளைப் பெருமளவில் அமர்த்தியதையும், வெள்ளையரான கல்தச்சர்கள் அதை எதிர்த்து முறையிட்டதையும், பொறியாளர் லோம்மி பால்ட்வின் தம் முடிவை நியாயப்படுத்தியதையும் கடிதங்களின் வழியாகவே அறிகிறோம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தக் கடிதங்கள் எந்தத் தொகுதியில் கிடைக்கும்?

மறுமொழி 2:
ஒரு கடிதத்தை இரண்டு இடங்களில் தேடலாம்: அனுப்பியவர் நகல்களை வைத்த படியேட்டிலும், பெற்றவரின் கோப்பிலும். வாரியத்தின் பதிவுகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 45ஆம் தொகுதியில் (Record Group 45) உள்ளன. தளங்களின் சொந்த ஏடுகள் 181ஆம் தொகுதியைச் சேர்ந்தவை. 1842இல் வாரியம் கலைக்கப்பட்டு ஐந்து பணியகங்கள் ஏற்பட்டதால், அதற்குப் பிந்திய காலத்துக்குத் தளங்கள், கப்பல்துறைகளுக்கான பணியகத்தின் 71ஆம் தொகுதியையும் பார்க்க வேண்டும். உங்கள் காலகட்டத்துக்கு 45இலிருந்து தொடங்குங்கள்.