கட்டாமலே விட்ட இடங்கள்: ஆர்லாண்டோவில் டிஸ்னியும் யுனிவர்சலும், நாங்கள் நேரில் பார்த்தவை

வேலியோரம்:

டிஸ்னி, யுனிவர்சல் என்ற இரண்டு நிறுவனங்களின் பொழுதுபோக்குப் பூங்காக்கள் இருக்கும் அமெரிக்க ஊரான ஆர்லாண்டோவுக்குக் குடிவந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் ரைடு வரிசையில் நிற்கும்போது, எதையோ கட்டப்போவதாகச் சொல்லிக் கைவிட்ட இடம் எது என்று தேடிப் போய் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்னியின் எப்காட் பார்க்கில் ஏரியைச் சுற்றி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அரங்கம் என்று வரிசையாக இருக்கும். சீனாவைத் தாண்டி ஜெர்மனிக்குப் போகும் வழியில் குடிசை போல ஒரு கடை, தட்டிப் பார்க்க நாலைந்து மேளங்கள். 1982இல் பார்க் திறந்தபோது ஆப்பிரிக்காவுக்கு அரங்கம் வரும் என்று அறிவித்த இடம் அதுதான். இஸ்ரேலும் ஸ்பெயினும்கூட அந்த அறிவிப்பில் இருந்தன. மூன்றுமே வரவில்லை. 1984இல் மொராக்கோ வந்தது, 1988இல் நார்வே வந்தது, அதோடு நின்றுவிட்டது. என் மகன் அந்த மேளத்தை ஆசை தீரத் தட்டினான். ஒரு கண்டத்துக்கென்று வைத்த இடம் இவ்வளவுதானா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

ஜப்பான் அரங்கம் இன்னும் வருத்தம். சுழலும் அரங்கில் ஜப்பான் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்காகக் கட்டடமே எழுப்பிவிட்டார்கள். காட்சி மட்டும் வரவே இல்லை. அதே காட்சி டோக்கியோ டிஸ்னிலாண்டில் 1983 முதல் 2002 வரை ஓடியது. இங்கே வீட்டைக் கட்டி முடித்துக் கிரகப்பிரவேசம் நடத்தாமல் விட்ட கதை. ஜெர்மனியில் ரைன் நதிப் படகுச் சவாரிக்கும் இதே கதிதான்.

யுனிவர்சல் பக்கம் போனால் நிலைமை நேர் எதிர். கார் நிறுத்துவதற்கே அடுக்குமாடி. ஒரு பக்கம் ஐ-4 நெடுஞ்சாலை, மற்ற பக்கங்களில் ஊர். புதிதாக ஒன்று வரவேண்டுமென்றால் பழையது போயாக வேண்டும். 2012 ஜனவரியில் ஜாஸ் என்ற சுறாப் படத்தின் ரைடை மூடி இடித்த இடத்தில்தான் 2014இல் ஹாரி பாட்டர் கதையில் வரும் கடைத்தெருவான டயகான் ஆலி எழுந்தது. நிலம் இல்லாத யுனிவர்சல் இடித்துக் கட்டியது. நிலம் உள்ள டிஸ்னி பூட்டிவிட்டு நகர்ந்தது. இரண்டு பார்க்கையும் மாறி மாறிப் பார்த்ததில் என் மனதில் பதிந்தது இதுதான்.

தாம்பா தங்கம்:

அண்ணா, டிஸ்னியின் விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டத்தை விட்டுவிட்டீர்களே! 1998 ஏப்ரலில் திறந்தார்கள், அந்தக் கோடையிலேயே நாங்கள் போனோம். அப்போது உள்ளே படகு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு டிராகன் குகையைக் காட்டினார்கள். டிராகன், யூனிகார்ன் என்று கற்பனை விலங்குகளுக்குத் தனிப் பகுதியே வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அடுத்த தடவை பார்க்கலாம் என்று பெண்ணிடம் வாக்குக் கொடுத்தேன். செலவைக் குறைக்க அதைத் தள்ளி வைத்தவர்கள் பிறகு கைவிட்டே விட்டார்கள். அந்த இடத்தில் மிக்கி, மின்னியோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு முகாம் போட்டார்கள். சும்மா ஒப்புக்குப் போட்ட அந்த முகாம் 2014 வரை நின்றது. 2017இல் அங்கே அவதார் படத்தின் உலகமான பண்டோரா வந்தது.

பார்க்கின் சின்னத்தில் யானையோடும் டைனோசரோடும் டிராகனும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு பகுதிக்கு யூனிகார்ன் என்றே பெயர். வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்த மாதிரி. 1999இல் போட்டிக்காரரான யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பார்க்கில் இரட்டை டிராகன் ரோலர் கோஸ்டர் வந்தது. பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போய்த்தான் வாக்கைக் காப்பாற்றினேன். அதையும் 2017இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட் பெயரில் ஒரு கோஸ்டர் ஓடுகிறது. இன்று அவளுக்கே குழந்தை இருக்கிறது. டிராகனை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

படகுத்துறை:

2016 டிசம்பரில் டிஸ்னியின் கூடார முகாமான ஃபோர்ட் வில்டர்னஸில் கூடாரம் போட்டுத் தங்கினோம். அங்கிருந்து நடைபாதையில் போனால் பச்சை வேலி ஒன்று கூடவே வரும். வேலிக்கு அந்தப் பக்கம் ரிவர் கன்ட்ரி. டிஸ்னியின் முதல் நீர்ப்பூங்கா, 1976இல் திறந்தது, 2001க்குப் பிறகு திறக்கவில்லை. சந்து வழியே பார்த்தால் புதர்தான் தெரிந்தது. படகில் போகும்போது டிஸ்கவரி தீவையும் பார்த்தோம். பறவைகளுக்கென்று 1974இல் திறந்து 1999இல் கைவிட்ட தீவு. காடு மூடிக் கிடக்கிறது, ஆனால் பறவைச் சத்தம் கேட்டது. ரிவர் கன்ட்ரி இருந்த இடத்தில் 2018இல் ஒரு ஹோட்டலை அறிவித்தார்கள். 2020இல் வேலை நின்றது. இப்போது வேறு பெயரில் மறுபடி கட்டுகிறார்கள்.

வேலியோரம்:

தங்கம் அக்கா, அந்த டிராகன் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யுனிவர்சலிடமும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. 1998இல் விமானத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினிடமிருந்து ஊரின் கன்வென்ஷன் சென்டர் (மாநாட்டு மையம்) பக்கம் ஏறத்தாழ 2,000 ஏக்கர் வாங்கினார்கள். சில ஆண்டுகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள். பிறகு 2015இல் தொடங்கித் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து, 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பார்க்கைத் திறந்தார்கள். பிள்ளைகளோடு அங்கே நடந்தபோது, கையை விட்டுப் போன நிலத்தில்தான் நடக்கிறோம் என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

அதே கோடையில், ஜூலை 6, டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற செயற்கை ஆற்றுக்குக் கடைசி நாள். 1971இலிருந்து ஓடிய ஆறு. கார்ஸ் என்ற அனிமேஷன் படத்தின் ரைடுகளுக்காக அதைத் தூர்த்துவிட்டார்கள். கையில் ஏறத்தாழ 25,000 ஏக்கர் வைத்துக்கொண்டு ஆற்றைத் தூர்ப்பானேன்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கிஸ்ஸிமி மாமா:

தம்பி, 25,000 ஏக்கர் என்பது கணக்குக்குத்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. சதுப்பும் சைப்ரஸ் மரங்களுமாக ஈரம் காயாத பூமி. நினைத்த இடத்தில் மண் கொட்டி நிரப்ப அனுமதி கிடைக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீண்ட காலக் கட்டுமான அனுமதிக்கு ஈடாக, பாய்ன்சியானா பக்கம் சுமார் 8,500 ஏக்கர் மாட்டுப் பண்ணையை டிஸ்னி வாங்கி, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கன்சர்வன்சி வசம் விட்டது. டிஸ்னி வில்டர்னஸ் ப்ரிசர்வ் என்று பெயர். அதற்குப் பிறகு டிஸ்னி எழுப்பிய பலவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆற்றைத் தூர்த்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்குக்கு வெளியே தாண்டிப் போவது அவர்களுக்கு அவ்வளவு லேசில்லை என்பதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரியும் அந்தக் காட்டில் நடக்கிறோம். உயரமான பைன் மரங்கள், அடியில் பனைப் புதர். தலையில் சிவப்பு வைத்த பெரிய சாரஸ் மாதிரிக் கொக்குகள் ஜோடியாக மேய்ந்துகொண்டிருக்கும். ரைடு சத்தம் கிடையாது, வரிசையும் கிடையாது. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மழைக்காலத்தில் பாதையில் தண்ணீர் நிற்கும், அதனால் டிசம்பருக்கு மேல் வாருங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம்.