தன்வரலாற்று நூல்களில் நீங்கள் இப்போது வாசிப்பது எது?

நண்பர்களுக்கு வணக்கம். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை இரவு உணவுக்குப் பின் பத்துப் பத்துப் பக்கமாக வாசித்து வருகிறேன். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தாம் படித்தவை என்று ஐயர் அடுக்கிய அந்தாதி, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலைச் சற்றும் வியக்காமல் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவும் இடத்தை மட்டும் மூன்று முறை வாசித்துவிட்டேன்; அந்தக் கேள்விதான் 1887இல் வெளிவந்த ஐயரின் சிந்தாமணிப் பதிப்பில் போய் முடிந்தது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கிய இந்நூல், 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமலே நின்றுவிடுகிறது (பொறுமையின்றிக் கடைசிப் பக்கத்தை முன்பே புரட்டிவிட்டேன்). ஆகவே, சுவடி தேடல் அல்லது பதிப்புப் பணி பற்றி நீங்கள் தற்போது வாசித்துக்கொண்டிருக்கும் நூலின் பெயரையும், அதில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஓர் இடத்தையும் தெரிவித்து, அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்க உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் சற்று மங்கிவருவதால், பெரிய எழுத்தில் அச்சான பதிப்பு என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.